தூக்க மாத்திரை எழுதுமுன் தோளைத் தொட்டுப் பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர், மாவட்டச் சுகாதார அலுவலர், மாவட்ட சித்த மருத்துவ அலுவலர் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற செவிலியர். இந்தக் கரையோர ஊர்களிலேயே 29 ஆண்டுகள் ஊசி போட்டேன், பிரசவம் பார்த்தேன், மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். "நர்ஸம்மா, படுத்ததும் கண் சொருகுகிறது, ஒரு மணிக்கு விழித்தால் விடிகிறவரைக்கும் சிவராத்திரிதான்" என்று என்னிடம் சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், பகலில் தூங்குகிறீர்களா, டீ எத்தனை குடிக்கிறீர்கள் என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. என் மதினியிடம்கூட, அவருடைய மணிக்கட்டு முறிந்த பிறகுதான் கேட்டேன்.

மதினி கடல்பாசி எடுக்கிறவர். பாம்பன் பக்கத்துத் தீவுகளைச் சுற்றியுள்ள பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், மூச்சடக்கி மூழ்கி, விரல்களில் துணிச் சுற்றோடு மரிக்கொழுந்து என்கிற பாசியைப் பிய்த்து, இடுப்பில் கட்டிய பையில் திணித்துக்கொண்டு மேலே வருவார். உணவை உறையவைக்கவும் கெட்டியாக்கவும் மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள், கட்டக்கோரைப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கும். ஈரப் பாசி நிறைந்த சாக்கைத் தண்ணீருக்குள்ளிருந்து வள்ளத்தின் விளிம்புக்கு மேல் தூக்குகிற அந்த ஒரு வீச்சு கோப்பில் இருக்காது. முப்பது ஆண்டுகளாக அந்த வீச்சு வலது தோளில்தான் விழுந்திருக்கிறது. போதாக்குறைக்கு ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் மூட்டு இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். டாக்டர்கள் ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள், எங்கள் ஊரில் தோள் பிடித்துக்கொண்டது என்பார்கள். பகலில் அந்த வலியோடு எப்படியோ சமாளித்துவிடலாம். இரவில் அது வேறு ஆளாகிவிடும். அந்தப் பக்கம் புரண்டால் விழிப்பு, மல்லாந்து படுத்தால் குடைச்சல்.

மதினி இதை யாரிடமும் தோள் வலி என்று சொல்லவில்லை. "தூக்கம் இல்லை" என்றுதான் சொன்னார். மருந்துக்கடையில் அரை மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அரை முழுதாயிற்று. மூன்றாவது மாதத்தில் மாத்திரை இல்லாத இரவே கிடையாது என்ற நிலை. ஒருநாள் மின்சாரம் போன நேரத்தில் சிறுநீர் கழிக்க எழுந்தவர், கால் பின்ன, வாசற்படியில் விழுந்து கையை ஊன்றினார். வலது மணிக்கட்டு. மாவுக்கட்டுப் போட்ட பிறகு நான் தலையணை எடுத்து வைக்கப் போனேன். "அந்தப் பக்கம் வேண்டாம், எட்டு மாதமாக அந்தப் பக்கம் படுப்பதே இல்லை" என்றார். நான் அவருடைய நாத்தனார், செவிலியர், வாரத்துக்கு மூன்று நாள் அந்த வீட்டில் சாப்பிடுகிறவள். எட்டு மாதமாக எனக்குத் தெரியவில்லை. பின்கொக்கி வைத்த ரவிக்கையை விட்டு முன்கொக்கிக்கு மாறியிருந்தார். கொண்டை போடுவதை நிறுத்தி மகளைப் பின்னல் போடச் சொல்லியிருந்தார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த அன்று நானும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தேன். 72.5 மீட்டர் நீள இரும்புப் பகுதி அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு மேலெழும்புகிறது. பெருமையாகத்தான் இருந்தது. என் பக்கத்தில் நின்ற பாசிக்காரப் பெண்களில் இரண்டு பேரால் வெயிலுக்குக் கையைத் தூக்கி நெற்றியில் வைக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி கேட்க வந்ததற்கு வருகிறேன். கரையோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு மாலை, கையால் செய்யும் சிகிச்சைக்கென்று ஒதுக்கித் தாருங்கள். மூட்டை அசைத்துத் தளர்த்துவது, இறுகிய தசையை நீவிவிடுவது, வீட்டில் உள்ளவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுப்பது, இவ்வளவுதான். தூக்கம் வரவில்லை என்று வருகிற ஒவ்வொருவருக்கும் மாத்திரைச் சீட்டு எழுதுமுன் கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதியும் வையுங்கள்.

மாத்திரையே கூடாது என்று சொல்லும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். ஏர்வாடி இருக்கிற மாவட்டம் இது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகையோடு எரிந்துபோன மண்ணில் நின்றுகொண்டு, மனநோய்க்கு மருந்து வேண்டாம், எண்ணெய் தேய்த்தால் போதும் என்று யாராவது சொன்னால் முதலில் சண்டைக்குப் போகிறவள் நான்தான். மனச்சோர்வால் தூக்கம் கெட்டவருக்கும், வேறு மனநோயால் நாள்கணக்கில் தூங்காதவருக்கும் மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும். நான் பேசுவது, உடம்பு நோகிறதால் தூங்க முடியாமல், அந்த நோவுக்கு ஒன்றும் செய்துகொள்ளாமல், மூளையை மட்டும் மயக்கி மயக்கிப் படுக்கவைக்கப்படுகிறவர்களைப் பற்றி. கரையில் அவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

அல்பிரசோலம், டயஸெபாம், சோல்பிடெம் போன்ற மாத்திரைகள் எளிதில் பழக்கமாகிவிடும் என்பதும், வயதானவர்களை விழத் தள்ளி எலும்பை முறிக்கும் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் காலை நான்கு மணிக்கு வள்ளத்தில் ஏறி மூச்சடக்கி மூழ்கப்போகிறவரின் உடம்பில் முந்தின இரவு மாத்திரையின் மிச்சம் இருந்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்திருக்கிறோமா? கரைக்கு வந்த இரவில் குடித்துவிட்டு அதன் மேல் மாத்திரையும் போடுகிற ஆண்களைப் பற்றி? இரண்டும் சேர்ந்தால் மூச்சையே மந்தப்படுத்தும். இதைப் படித்துவிட்டுப் பயந்து யாரும் இன்றே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. மாதக்கணக்கில் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். மதினிக்கு டாக்டர் கால் கால் மாத்திரையாகக் குறைத்து இரண்டரை மாதத்தில் நிறுத்தினார்.

அந்த இரண்டரை மாதத்தில் நடந்ததை உங்களுக்குக் காட்ட வேண்டும். இயன்முறை சிகிச்சையாளர் ஒரு பெண். எங்கள் ஊரில் "பிசியோ பிள்ளை" என்பார்கள். மதினியை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு கையால் தோள்பட்டை எலும்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மேற்கையின் தலைப்பகுதியைக் கீழ்நோக்கி மெல்ல மெல்லத் தள்ளித் தள்ளி விட்டார். பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. நெட்டி முறிகிற சத்தமும் இல்லை, அலறலும் இல்லை. பிறகு சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, விரல்களை நண்டு மாதிரி சுவரில் ஏறவிடச் சொன்னார். எட்டிய இடத்தில் அடுப்புக் கரியால் ஒரு கோடு. மதினி வீட்டு அடுப்படிச் சுவரில் அந்தக் கோடுகள் இன்றும் இருக்கின்றன, பக்கத்தில் தேதிகளோடு. முதல் கோடு மூக்கு உயரம். பதினோராவது கோடு அரிசிப் பானை வைக்கிற பரணுக்கு ஒரு சாண் கீழே. நடுவில் ஐந்தாவது கோடு நான்காவதைவிடத் தாழ்ந்திருக்கும். அந்த வாரம் சொல்பேச்சுக் கேட்காமல் பாசிக்குப் போய்விட்டார்.

இரவில் மகள் செய்தது வேறு. படுக்கப் போகுமுன் கால் மணி நேரம், கொஞ்சம் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு, பிடரியிலிருந்து இடுப்புவரை நீளமாக நீவிவிடுவாள். அவசரப்படக் கூடாது, மேலிருந்து கீழே வர மனதுக்குள் பன்னிரண்டு எண்ண வேண்டும் என்பது பிசியோ பிள்ளையின் கண்டிப்பு. அதற்குக் காரணம் இருக்கிறது. நம் தோலில், முக்கியமாக முடி முளைக்கிற பகுதிகளில், மெதுவான தடவலுக்கென்றே மெல்லிய நரம்பிழைகள் உள்ளன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும் கைக்குத்தான் அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. பரபரவென்று தேய்த்தால் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் முதுகைத் தாய் எந்த வேகத்தில் வருடுகிறாள் என்று பாருங்கள், ஏறத்தாழ இதே வேகம்தான்.

இதற்கு ஆராய்ச்சிச் சான்று உண்டா என்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். உண்டு, ஆனால் மெலிந்த சான்று. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், இதய அறுவை முடிந்தவர்கள், புற்றுநோயாளிகள் என்று பல தரப்பினரிடம் உடல் பிடித்துவிடும் சிகிச்சையைச் சோதித்திருக்கிறார்கள். நன்றாகத் தூங்கினோம் என்று அவர்களில் பலர் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். மாத்திரை ஆய்வில் சர்க்கரை உருண்டையைக் கொடுத்து ஏமாற்றலாம். முதுகைப் பிடித்துவிட்டதாக எப்படி ஏமாற்றுவது? தனக்கு என்ன செய்கிறார்கள் என்று நோயாளிக்குத் தெரிந்துவிடுவதால், பலனில் எவ்வளவு கையுடையது, எவ்வளவு மனத்துடையது என்று பிரிப்பது கடினம். தூக்க ஆய்வகத்தில் தலையில் மின்முனை ஒட்டி அளந்தவை குறைவு, நோயாளியின் வாய்ச்சொல்லை வைத்து எழுதியவையே கூடுதல். மதினி கதையையும் சான்று என்று நான் நீட்ட மாட்டேன். தோள் இறுக்கம் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தானாகவும் ஓரளவு தளரும். மாத்திரை நின்றது, சர்க்கரை கட்டுக்குள் வந்தது, மகள் தினமும் கால் மணி நேரம் அம்மாவோடு உட்கார்ந்தது, இவற்றில் எது எத்தனை பங்கு என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது மாத்திரையும் இல்லை, எண்ணெயும் இல்லை. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்கிறார்கள். அமெரிக்க உள்மருத்துவர்களின் அமைப்பு 2016-இல் அதைத்தான் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. தூக்கம் வந்தால் மட்டும் படு, இருபது நிமிடம் போல் பார்த்துவிட்டு வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார், எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழு என்று போகும் அது. நல்ல முறை. ஆனால் ராமேசுவரம் விசைப்படகுக்காரர் திங்கள், புதன், சனி அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய், இரவெல்லாம் வலை இழுத்து, மறுநாள் காலையில் கரை ஏறுகிறவர். "தினமும் ஒரே நேரத்துக்கு எழுங்கள்" என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். பாசிக்காரப் பெண்களுக்குக் கடிகாரமே கிடையாது, நீரோட்டமும் காற்றும்தான். கச்சான் காற்று ஓங்கினால் வேலை இல்லை, ஓய்ந்தால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். அந்த முறையை இவர்களுக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் வருகிறவரைக்கும் நோவையாவது குறைத்துப் படுக்கவைக்கலாம் என்பதுதான் என் கட்சி.

கையால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பெரிதாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுந்து, பகலெல்லாம் சொக்கி விழுகிறவருக்கு முதுகு நீவுவது வெறும் உபசாரம். அவருக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு நோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தூக்க மாத்திரை அவருக்கு இன்னும் கெடுதல். சாயங்காலமானால் கால் குடைச்சல், எறும்பு ஊர்கிற மாதிரி, எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது என்று சொல்லும் பெண்களுக்கு முதலில் ரத்தத்தில் இரும்புச் சத்தைப் பாருங்கள். நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது. அந்தக் காலைப் பிடித்துவிட்டால் அன்றைக்குக் கொஞ்சம் இதம், அவ்வளவுதான்.

புருஷன் எல்லை தாண்டினான் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், படகும் போய், யாழ்ப்பாணத்துச் சிறையிலிருந்து தகவல் வருமா என்று போனை மார்மேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிற பெண்ணின் தூக்கத்துக்கு எந்தத் தைலமும் கிடையாது. அதற்கு மருந்து உங்களுக்கும் மேலே இருக்கிறவர்களிடம் இருக்கிறது.

நேரத்தைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் இயன்முறை சிகிச்சையாளர் வருகிற நேரம் காலை பத்து முதல் ஒன்று. அந்த நேரத்தில் பாசிக்காரி கடலில் இருப்பாள், கருவாட்டுக்காரி வெயிலில் இருப்பாள், இரவு கடலுக்குப் போன ஆண் செத்த பிணமாகத் தூங்கிக்கொண்டிருப்பான். சிகிச்சையாளர் மேசையைத் துடைத்துவிட்டுப் போவார். "பயனாளிகள் வரவில்லை" என்று பதிவேட்டில் எழுதுவோம். அந்த வரியை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. பக்கவாதத்தில் படுத்தவர்களுக்கு அது தெய்வம் மாதிரி, அதில் கைவைக்கச் சொல்லவில்லை. அதன் மேல் வாரத்துக்கு இரண்டு மாலை, நான்கிலிருந்து ஏழுவரை, கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வைத்தால் போதும். எந்த நாள் என்று மீனவர் சங்கத்தையும் பாசி எடுக்கும் பெண்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள். ராமநாதபுரத்தில் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்தால் பழையபடி பத்து முதல் ஒன்றுதான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆண்கள் கரையில்தான் இருப்பார்கள். தூக்கம் இல்லை என்று என்னிடம் அதிகம் வந்ததும் அந்த மாதங்களில்தான். வேலை செய்கிற வரை தெரியாத இடுப்பு வலி சும்மா இருக்கும்போது தலைதூக்கும், கூடவே கடன்காரனும் வருவான். தொடங்குவதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

இதற்குத் தனியாகப் பெரிய செலவு கேட்கவில்லை. சித்த மருத்துவப் பிரிவு பல நிலையங்களில் ஏற்கெனவே இருக்கிறது. சித்த மருத்துவம் புற மருத்துவம் 32 என்று கணக்கு வைத்து, அதில் உடம்பைப் பிடித்துவிடுகிற தொக்கணத்தையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதற்கு ஒன்பது வகை. பிசியோ பிள்ளை மதினிக்குச் செய்தது இழுத்தலும் அசைத்தலும்தானே என்று நான் கேட்டேன். "பெயர் எதுவாக இருந்தால் என்ன அம்மா, எவ்வளவு அழுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் படிப்பு" என்றார். ஒரே கட்டடத்தில் எதிரெதிர் அறைகளில் இருக்கும் சித்த மருத்துவரும் இயன்முறை சிகிச்சையாளரும் ஒரு நோயாளியைச் சேர்ந்து பார்த்ததை என் 29 ஆண்டுகளில் இரண்டு முறைதான் கண்டிருக்கிறேன். அதில் ஒருமுறை அந்த நோயாளி ஒன்றிய அலுவலகத்து அதிகாரி.

செலவு என்றால் இரண்டு கட்டில், ஒரு தாழ்ப்பாள், ஒரு திரை. சிரிக்காதீர்கள், திரைதான் முக்கியம். எங்கள் பெண்கள், இந்துவோ கிறிஸ்தவரோ இஸ்லாமியரோ, ஆள் நடமாடுகிற அறையில் ரவிக்கையைத் தளர்த்திக்கொண்டு குப்புறப் படுக்க மாட்டார்கள். ஆண் சிகிச்சையாளர் என்றால் வாசலோடு திரும்பிவிடுவார்கள். "வலி எங்கே?" என்றால் முந்தானைக்கு மேலேயே விரலை வைத்து "இங்கேதான், சும்மா" என்பார்கள். வாரத்தில் ஒரு மாலையாவது பெண் சிகிச்சையாளர் வேண்டும்.

ஊரில் ஏற்கெனவே இருக்கிற கைகளையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பிலும் சுளுக்கு வழிக்கிற ஒரு பெரியம்மா, எண்ணெய் போட்டு உருவிவிடுகிற ஒரு பெரியவர் இருப்பார். அவர்களைப் போலி மருத்துவர் என்று விரட்டினால் சனம் நம்மை விட்டுவிட்டு அவர்களிடம்தான் போகும். இரண்டு நாள் அழைத்து உட்காரவைத்து, எதைத் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது ரத்தம் உறைந்த நாளமாக இருக்கலாம். அதை உருவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் ஆளையே முடித்துவிடும். காய்ச்சல், எலும்பு முறிவு, ஆறாத புண், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய் கண்டவர்கள், இவர்களை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இன்னொன்று, படுக்குமுன் வெந்நீரில் காலை வைத்தால் நல்ல தூக்கம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும், உண்மையும்கூட. ஆனால் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்கு அந்த வெந்நீர் சுடுவதே தெரியாது. கொப்புளம் வந்து, புண்ணாகி, விரல் எடுக்கிற அளவுக்குப் போனதைக் கட்டுக்கட்டிய கைகள் இவை. அவர்களுக்கு வேறு யாராவது முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் வைக்க வேண்டும்.

சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிக்கிறார்களே, அதை எப்படியாவது நிறுத்தச் சொல்லுங்கள். கழுத்து எலும்புக்குள் ஓடும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வர வாய்ப்புண்டு. அபூர்வம்தான். என்றாலும் முடி வெட்டப் போய் வாய் கோணி வர வேண்டுமா? என் அண்ணன் இன்றுவரை கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் அன்றைக்குத் தலையே வைத்த மாதிரி இல்லை என்கிறார்.

மருந்துக்கடைகளைப் பற்றி ஒரே ஒரு சொல். இந்தத் தூக்க மாத்திரைகள் எச்1 அட்டவணையில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யார் வாங்கினார் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடுகளை மாவட்டம் முழுக்க ஒருமுறை புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மதினியின் பெயர் அதில் எங்கும் இருக்காது.

இதெல்லாம் பலிக்குமா என்று எனக்கும் உறுதி இல்லை. அதனால்தான் ஒரு நிலையத்தில், ஒரு தடைக்காலத்துக்கு மட்டும் செய்து பார்க்கக் கேட்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வருகிறவர் பெயருக்கு எதிரே இரவில் எத்தனை தடவை விழிப்பு, வலி பத்துக்கு எவ்வளவு, வாரத்தில் எத்தனை மாத்திரை என்று முதல் நாளும் ஆறு வாரம் கழித்தும் எழுத வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை அந்தக் கணக்கைப் பார்க்கட்டும், நான் பார்த்தால் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுவேன். மாறுதல் இல்லை என்று அவர்கள் சொன்னால் கட்டிலைப் பிரசவ வார்டுக்குத் தள்ளிவிடுங்கள், அங்கே எப்போதும் கட்டில் பற்றாக்குறைதான்.

நோட்டு எழுத ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். மாலை நான்கிலிருந்து ஏழுவரை எனக்கு ஒரு வேலையும் இல்லை. சம்பளம் வேண்டாம், நாற்காலி மட்டும் வேண்டும். திரையும் நானே தைத்துத் தருகிறேன், வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது. இரண்டு கட்டிலையும் சுற்றி மறைக்க எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று அளந்து மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு செவிலியர்,
பாம்பன் கரையிலிருந்து